அப்பா கடை எக்ஸி ஃபைலைத் திறந்து திருத்த முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறார். தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் அவருடைய அப்பாவுக்கு ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை. 2012ல் ஒருவர் விபி டாட் நெட் என்ற மொழியில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறார். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அவரே மாற்றியும் கொடுத்தார். இப்போது அவர் வெளிநாட்டில், போனில் கிடைப்பதில்லை. சோர்ஸ் கோட், அதாவது அவர் எழுதிய மூல வரிகள், யாரிடமும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஸ்பேர் பார்ட்ஸ் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, ஆனால் பில்லில் இன்னும் 28 வருகிறது. அப்பா பேனாவால் அடித்துத் திருத்துகிறாராம். புது கம்ப்யூட்டர் வாங்கி அதில் போட்டால் "டாட் நெட் ஃபிரேம்வொர்க் 3.5 வேண்டும்" என்று கேட்கிறது. அந்த சாஃப்ட்வேரின் எக்ஸியை, அதாவது டபுள் கிளிக் செய்தால் ஓடும் ஃபைலை, நோட்பேடில் திறந்தால் ஒரே குப்பை. "ஃபிரேம்வொர்க்னா என்ன, கம்பைல் பண்ணா உள்ளே என்ன ஆகுது, இதைத் திரும்ப கோடா மாத்த முடியுமா அண்ணா?" என்பது கேள்வி.

முடியும் தம்பி. உன் கையில் இருக்கும் எக்ஸியைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட முழுசாகவே முடியும். எல்லா எக்ஸிக்கும் இந்தப் பதில் பொருந்தாது. இரண்டு எக்ஸி ஃபைல்கள் வெளியே ஒன்றுபோலத் தெரியும், இரண்டும் டபுள் கிளிக் செய்தால் ஓடும், ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறாக இருக்கும். ஒன்றில் இருப்பது நேராக பிராசஸருக்கான கட்டளை. இன்னொன்றில் இருப்பது பிராசஸருக்குப் புரியவே புரியாது, நடுவில் இன்னொரு மென்பொருள் இருந்து அதை பிராசஸர் மொழிக்கு மாற்றித் தர வேண்டும். உன் புது கம்ப்யூட்டர் 3.5 வேண்டும் என்று கேட்டது அந்த நடு மென்பொருளைத்தான். அதனால் நீ மூன்றாகக் கேட்டாலும் அது ஒரே கேள்விதான்.

முதலில் அந்தக் குப்பையைப் பார்ப்போம். மறுபடி நோட்பேடில் திற. முதல் இரண்டு எழுத்து ஆங்கிலத்தில் எம், இசட் என்று இருக்கும். டாஸ் காலத்தில் இந்த எக்ஸி வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் எஞ்சினியர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. இன்றைக்கும் விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு எக்ஸியும் அவர் கையெழுத்தோடுதான் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் தள்ளி, இந்தப் புரோகிராமை டாஸில் ஓட்ட முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் இருக்கும். இன்னும் கீழே போனால் உங்கள் கடைப் பெயர், பில்லின் அடியில் அச்சாகும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" மாதிரியான வரி எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் தட்டுப்படும். அவை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டதுபோல் தெரியும். டாட் நெட் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட் ஒதுக்குகிறது, ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும், மிச்சமிருக்கும் பைட் பூஜ்யமாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மற்ற இடமெல்லாம் எண்கள். நோட்பேடுக்கு எந்த பைட்டைக் கொடுத்தாலும் அதை எழுத்தாகக் காட்டத்தான் தெரியும். எண்ணை எழுத்தாகக் காட்டினால் கண்டபடிதான் வரும். இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் அதே ஃபைலைத் திறந்தால், வரிசையாக இரண்டிரண்டு இலக்கமாக நிற்கும்.

சரி, அந்த எண்கள் என்ன? சி அல்லது சி++ல் எழுதிய புரோகிராமை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸரில் 28 என்ற எண்ணை ஒரு ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன சேமிப்பிடம்) வை என்பதற்கான கட்டளை பி8 1சி 00 00 00. ஐந்தே பைட். பி8 என்றால் வை. 1சி என்பது பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்முறையில் 28. பிராசஸர் இதை வாசித்து உடனே செய்துவிடும், யார் உதவியும் வேண்டாம். நாம் எழுதும் வரிகளை இந்த மாதிரி எண்களாக மாற்றுவதுதான் கம்பைலரின் வேலை.

ஒரு காலத்தில் இந்த எண்களை மனிதர்களே கையால் எழுதினார்கள். 1952ல் அமெரிக்கக் கணினி நிபுணர் கிரேஸ் ஹாப்பர் ஏ-0 என்ற முதல் முயற்சியைச் செய்தார், 1957ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரான் என்ற மொழிக்கான கம்பைலரை வெளியிட்டது. மெஷின் எழுதும் கோட் கையால் எழுதியதைவிட மெதுவாக ஓடினால் யாருமே தொடமாட்டார்கள் என்ற பயம் அந்தக் குழுவுக்கு இருந்தது. அதனால் முதல் ஃபோர்ட்ரான் கம்பைலரிலேயே கோடை இழைத்து வேகமாக்கும் வேலையைச் சேர்த்துவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த அந்தப் பழக்கம்தான் இன்றைக்கு எக்ஸியைத் திரும்ப கோடாக மாற்ற முடியாமல் செய்கிறது.

எப்படி என்று பார். "வரி = தொகை × 28 ÷ 100" என்று சியில் எழுதி, ஜிசிசி கம்பைலரிடம் வேகமாக ஓடும்படி மாற்றித் தா என்று கொடு. வெளியே வரும் கோடில் 100ஐத் தேடினால் கிடைக்காமல் போகும். பிராசஸருக்கு வகுத்தல் மெதுவான வேலை. அதனால் கம்பைலர் 100ஆல் வகுப்பதற்குப் பதிலாக 1374389535 என்ற எண்ணால் பெருக்கி, விடையை 37 இடம் வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. 2ஐ 37 தடவை பெருக்கி 100ஆல் வகுத்துப் பார், இந்த எண்ணுக்கு மயிரிழை குறைவாக வரும். 28ஆல் பெருக்குவதையும் சில சமயம் 8ஆல் பெருக்கி, ஒரு தடவை கழித்து, மறுபடி 4ஆல் பெருக்கி முடித்துவிடும். இப்போது 28ம் இல்லை, 100ம் இல்லை. "வரி", "தொகை" என்ற பெயர்கள் எப்போதோ போய்விட்டன, பிராசஸருக்குப் பெயர் எதற்கு? எழுதியவர் ஓரமாகப் போட்டு வைத்த குறிப்புகளும் போய்விட்டன. கணக்கு மட்டும் பைசா பிசகாமல் வரும்.

இந்த ரக எக்ஸியைப் பிரித்துப் பார்க்கவும் கருவி இருக்கிறது. அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. 2019ல் இலவசமாக வெளியிட்ட கிட்ரா அதில் முக்கியமானது. சி மாதிரி ஒன்றை எழுதிக் காட்டும், ஆனால் ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான கோட் துண்டு) பெயர் எல்லாம் அது கிடக்கும் முகவரி எண்ணை வைத்து அதுவே சூட்டிய பெயராக இருக்கும். எது பில், எது ஸ்டாக் என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிவிடலாம். இது என் அனுபவத்தில் சொல்வது. வண்ணாரப்பேட்டை, தங்கசாலை பக்கம் கடைகளுக்குப் புரோகிராம் எழுதுவதும் பழசைத் திருத்துவதும்தான் எனக்குத் தொழில்.

இப்போது உன் எக்ஸிக்கு வருவோம். 1995ல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது கம்பைலர் எந்த நிஜ பிராசஸருக்கும் எழுதாமல், கற்பனையான ஒரு மெஷினுக்கு எழுதியது. அந்த மெஷினை மென்பொருளாகவே செய்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டால் அதே ஃபைல் எங்கேயும் ஓடும் என்பது யோசனை. 2002ல் மைக்ரோசாஃப்ட் டாட் நெட்டை வெளியிட்டதும் இதே வழியில்தான். விபி டாட் நெட்டில் எழுதினாலும் சி ஷார்ப்பில் எழுதினாலும், கம்பைல் செய்தால் ஐஎல் என்ற ஒரே இடைமொழியாகத்தான் மாறும். அதில் 28 என்ற எண்ணை எடுத்து வை என்பதற்கு 1எஃப் 1சி, இரண்டே பைட். உன் பிராசஸரிடம் இதைக் கொடுத்தால் வேறு ஏதோ கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். புரோகிராம் ஓடும் நேரத்தில், ஒரு ஃபங்ஷனை முதல் தடவை கூப்பிடும்போது, ரன்டைம் என்ற நடு மென்பொருள் அந்த ஃபங்ஷனை மட்டும் அந்த கம்ப்யூட்டரின் பிராசஸருக்கேற்ற கட்டளையாக மாற்றி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் தடவை மாற்ற வேண்டியதில்லை. காலையில் கடை திறந்து முதல் பில் போடும்போது கொஞ்சம் திணறி, அடுத்த பில் சட்டென்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழைக்கும் வேலையில் பெரும்பகுதியை ரன்டைமே பார்த்துக்கொள்ளும் என்பதால், விபி கம்பைலர் ஐஎல்லை நீ எழுதிய வரிசையிலேயே, பெரிதாக எதையும் கலைக்காமல் எழுதி வைக்கிறது. 28 அங்கே 28ஆகவே இருக்கும், 100ம் அப்படியே. அதைவிட முக்கியம், கிளாஸ், ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் ஃபைலுக்குள் அப்படியே இருக்கும். ஒரு டாட் நெட் ஃபைல் இன்னொன்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது, பெயரை அழித்துவிட்டால் ஓடாது. ஃபங்ஷனுக்குள் தற்காலிகமாக வைத்துக்கொண்ட மாறிகளின் பெயரும், ஓரக் குறிப்புகளும் மட்டும்தான் போகும். சிலர் வேண்டுமென்றே பெயர்களைக் குழப்பிவிடும் கருவியைப் போட்டுத் தருவார்கள். கடை பில்லிங் எழுதித் தருபவர்கள் பெரும்பாலும் அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை.

அதனால் ஐஎல்ஸ்பை என்ற இலவசக் கருவியில் உன் எக்ஸியை இழுத்துப் போட்டால் படிக்கத் தகுந்த கோடாகவே வரும். ஒரு வேடிக்கை, அது சி ஷார்ப்பாகக் காட்டும். அவர் விபியில் எழுதியிருந்தாலும் இடைமொழிக்குப் போனபின் எந்த மொழியிலிருந்து வந்தது என்பது முக்கியமில்லை. ஆனாலும் வாடை போகாது. நடுநடுவே விஷுவல்பேசிக் என்று பெயர் வைத்த உதவி ஃபங்ஷன்களை அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

வேறு யாராவது இதே சிக்கலோடு படித்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. பழைய கடைகளில் "விபி சாஃப்ட்வேர்" என்று சொல்வதில் பாதி விபி 6ல் எழுதியது. அது 1998ல் வந்தது, டாட் நெட்டுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. அதை நேரடி மெஷின் கோடாகவும் கம்பைல் செய்யலாம், பி-கோட் என்ற இடைமொழியாகவும் செய்யலாம், எழுதியவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பொறுத்து உங்கள் பாடு. ஐஎல்ஸ்பை அதில் வேலைக்கு ஆகாது.

இப்போது 3.5. டாட் நெட் ஃபிரேம்வொர்க் என்ற பெயருக்குள் இரண்டு சாமான்கள் சேர்ந்து இருக்கின்றன. ஒன்று நான் மேலே சொன்ன ரன்டைம். இன்னொன்று மலைபோல ஒரு கோட் குவியல், தேதி கணக்கிடுவது, ஃபைல் எழுதுவது, ஜன்னல் வரைவது, பிரிண்டருக்கு அனுப்புவது எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்தது. உன் எக்ஸி சின்னதாக, ஒன்றிரண்டு எம்பிக்குள் இருப்பதற்குக் காரணம் இந்தக் குவியல் அதற்குள் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டிருக்கிறது. 3.5 வெளியானது 2007 நவம்பரில். விண்டோஸ் 10ல் நான்காம் வரிசை ஃபிரேம்வொர்க் கூடவே வருகிறது, ஆனால் 3.5க்கு எழுதியது தானாக அதில் ஓடாது, இரண்டின் ரன்டைமும் வேறு. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்களை ஆன், ஆஃப் செய்யும் பட்டியல் இருக்கும், அதில் 3.5ஐ டிக் செய்து நெட் இணைப்போடு விட்டால் அதுவே இறக்கிக்கொள்ளும். 2.0, 3.0 இரண்டும் அதற்குள்ளேயே அடக்கம்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். கடைக்கார நண்பர்கள் "லேட்டஸ்ட் போட்டா எல்லாம் ஓடும்" என்று டாட் நெட் 8 மாதிரி ஒன்றை இறக்கிப் போட்டுவிட்டு, இன்னும் ஓடவில்லையே என்பார்கள். 2016ல் மைக்ரோசாஃப்ட் டாட் நெட் கோர் என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தது. 2020ல் வந்த 5ஆம் பதிப்பில் கோர் என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் டாட் நெட் என்றார்கள். பழைய ஃபிரேம்வொர்க் 4.8 வரிசையோடு நின்றுவிட்டது. எண்ணைப் பார்த்தால் 3.5, 4.8, 5, 8 என்று ஒரே ஏணி மாதிரி தெரியும். உண்மையில் இரண்டு தனி ஏணி. பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்.

3.5 போட்ட பிறகு இன்னொரு முட்டுக்கட்டை வர வாய்ப்பு இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். 2012 வாக்கில் எழுதிய பில்லிங்கில் டேட்டா பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கும். அதைத் திறக்கும் ஜெட் டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. உன் எக்ஸி எந்த பிராசஸருக்கும் பொருந்தும்படி கம்பைல் ஆகியிருந்தால், பழைய 32 பிட் விண்டோஸில் ரன்டைம் அதை 32 பிட்டாக ஓட்டியிருக்கும், புதிய 64 பிட் விண்டோஸில் 64 பிட்டாக ஓட்டும். உடனே ஜெட் புரொவைடர் பதிவாகவில்லை என்று ஒரு எர்ரர் வரும். ஃபைல் அதேதான், கடைசி நிமிடத்தில் அதை எந்த மெஷினுக்கு மாற்றுவது என்று முடிவு செய்வது ரன்டைம் என்பதால் வரும் வினை. புரோகிராம் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் கருவித் தொகுப்பான விண்டோஸ் எஸ்டிகேயில் கோர்ஃப்ளாக்ஸ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, 32 பிட்டாகவே ஓடு என்று எக்ஸியின் தலையில் ஒரு குறி போட்டுவிடும். கோடைத் தொடவே வேண்டாம்.

ஃபிரேம்வொர்க் என்ற சொல் வெப் பக்கம் போனால் கொஞ்சம் வேறு பொருளில் புழங்கும். ஜாங்கோ, லாராவெல், ஸ்பிரிங், ரெயில்ஸ் எல்லாம் ஃபிரேம்வொர்க்தான். ஆனால் அவற்றில் ரன்டைம் கிடையாது, அது பைத்தான், பிஎச்பி, ஜாவா, ரூபியிடம் இருக்கிறது. லைப்ரரிக்கும் இவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் வேண்டாம், ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள். பாத்திரக் கடையில் அண்டாவும் கரண்டியும் வாடகைக்கு எடுக்கிறோம், எப்போது எதை எடுப்பது என்பது நம் இஷ்டம். அது லைப்ரரி. மண்டபத்தை பேக்கேஜாகப் பேசிவிட்டால் நாள் முழுக்க அவர்கள் ஓட்டம்தான். பந்தி எப்போது, மேளம் எப்போது, போட்டோ எப்போது எல்லாம் அவர்கள் கையில். "மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க" என்று அவர்கள் சொல்லும்போது மாப்பிள்ளை வந்து தன் வேலையைச் செய்துவிட்டுப் போக வேண்டும். அது ஃபிரேம்வொர்க். நம் கோட் மாப்பிள்ளை.

உன் சாஃப்ட்வேரிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஐஎல்ஸ்பையில் திறந்ததும் மெயின் என்ற ஃபங்ஷனைத் தேடு. முதலிலிருந்து கடைசிவரை பில் போடும் கதை அங்கே வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பாய். ஒன்றிரண்டு வரிதான் இருக்கும், அதுவும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஃபிரேம்வொர்க்கைக் கூப்பிட்டு, இந்த ஜன்னலைத் திறந்து ஓட்டிக்கொள் என்று ஒப்படைப்பதாக இருக்கும். அதற்குப் பிறகு ஃபிரேம்வொர்க் மவுஸ், கீபோர்டு செய்திகளுக்காகக் காத்துக்கொண்டே சுற்றும். அப்பா "பிரிண்ட்" பட்டனை அழுத்தினால் அதுதான் உங்கள் ஆள் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிடும். அதனால்தான் அவருடைய கோட் முழுக்க பட்டன்1 கிளிக், பட்டன்7 கிளிக் என்று துண்டு துண்டாக இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல. முதல் தடவை ஃபிரேம்வொர்க் கோடைப் படிக்கும் எல்லோரும் திணறுவது இங்கேதான். எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுவார்கள். ஆரம்பம் நம் ஃபைலில் இல்லை, ஃபிரேம்வொர்க்கின் வயிற்றுக்குள் இருக்கிறது.

படிப்பு விஷயமாகவும் ஒன்று சொல்கிறேன், நீ கேட்கவில்லை, ஆனால் இரண்டாம் ஆண்டு என்பதால். எங்கே பார்த்தாலும் ஃபுல் ஸ்டாக் மூன்று மாதத்தில் என்று பேனர் தொங்குகிறது. அங்கே சேர்ந்து முதல் நாளே ரியாக்டோ ஆங்குலரோ ஆரம்பித்தால், எது மொழி, எது ஃபிரேம்வொர்க் என்ற வித்தியாசமே தெரியாமல் வெளியே வருவாய். ஃபிரேம்வொர்க்குக்கு ஆயுள் குறைவு. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் ஓகோவென்று இருந்தது, 2016ல் அவர்களே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆங்குலர் 2 என்று முதலிலிருந்து எழுதினார்கள், பழையது இதில் ஓடவில்லை. பழையதை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு மறுபடி ஒன்றாம் வகுப்பு. மொழியும், அது கம்பைல் ஆகும் விதமும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்று மேட் காட்பொல்ட் 2012ல் ஆரம்பித்த இலவச தளம் இருக்கிறது. இடப்பக்கம் சியில் நான்கு வரி எழுதினால் வலப்பக்கம் அதன் மெஷின் கட்டளை உடனே வரும், போன் பிரவுசரிலேயே ஓடும். மேலே சொன்ன 1374389535ஐ அங்கே நீயே வரவழைத்துப் பார். ஒரு சாயங்காலம் அதில் விளையாடினால் போதும், இந்தப் பதிலில் பாதி தேவைப்படாது.

அப்புறம் கடை வேலை. எக்ஸியைத் தொடுவதற்கு முன் அது இருக்கும் ஃபோல்டரை முழுசாக ஒரு பென் டிரைவில் காப்பி எடு. பிறகு அந்தக் காப்பியில், எக்ஸியின் பெயரோடு கான்ஃபிக் என்று முடியும் ஃபைல் இருக்கிறதா பார். அதை நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். எழுதியவர் கொஞ்சம் அனுபவசாலியாக இருந்தால் வரி சதவீதத்தை அங்கேயோ, அக்சஸ் ஃபைலில் ஒரு டேபிளிலோ வைத்திருப்பார். 2017ல் ஒரு தடவை மாற்றிக் கொடுத்தவர், அடுத்த தடவையும் மாறும் என்று யோசித்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் ஒரு எண்ணை மாற்றுவதோடு கதை முடிந்தது.

அங்கே இல்லை என்றால்தான் ஐஎல்ஸ்பை. அதில் 28ஐ மட்டும் தேடினால் ஏமாந்துபோவாய். தமிழ்நாட்டுக்குள் விற்கும்போது பில்லில் மத்திய வரி 14, மாநில வரி 14 என்று பிரித்துத்தான் போடுவோம், அதனால் கோடில் 14 இருக்கலாம், 0.14 இருக்கலாம். வரி சேர்த்த விலையிலிருந்து அசல் விலையைப் பிரித்தெடுக்கும் இடத்தில் 128 அல்லது 1.28 இருக்கும். வெளிமாநில பில்லுக்கு மட்டும் 28 முழுசாக வரும். மறுபக்கம், கண்ணில் படும் எல்லா 28ம் வரி இல்லை. ஒரு பக்கத்துக்கு 28 லைன் அச்சாகும் என்று அவர் வைத்திருந்தால், அதை 18 ஆக்கினால் பில் பாதியில் வெட்டுப்படும். ஹெக்ஸ் எடிட்டரில் 1எஃப் 1சியைத் தேடி 1எஃப் 12 (ஹெக்ஸில் 12 என்றால் 18) என்று மாற்றிவிடலாமே என்று உனக்குத் தோன்றலாம். வித்தைக்கு நன்றாக இருக்கும், கடைக்கு வேண்டாம். கோடை முழு புராஜெக்டாகச் சேமிக்கும் வசதி ஐஎல்ஸ்பையிலேயே இருக்கிறது. அதை விஷுவல் ஸ்டுடியோ இலவசப் பதிப்பில் திறந்து, சில்லறை எர்ரர்களைச் சரிசெய்து, 32 பிட்டுக்கு என்று குறிப்பிட்டு மறுபடி கம்பைல் செய்.

இதற்கு உரிமை உண்டா என்று கேட்டால், 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி பெற்ற மென்பொருளை அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலைக்குப் பயன்படுத்த, வைத்திருப்பவர் தகுந்தபடி மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஆனால் காசு கொடுத்தோம் என்பதால் கோட் நம் சொத்தாகிவிடாது. மாற்றியதைப் பக்கத்துக் கடைக்கு விற்கக் கூடாது. எழுதியவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போட்டு வை, நாளை பதில் வந்தால் சோர்ஸ் கோடே கிடைத்தாலும் கிடைக்கும்.

மாற்றும்போது 28ஐ அழித்து 18 என்று எழுதி விட்டுவிடாதே. 2025 ஜூலையில் போட்ட பில்லை ஒரு மெக்கானிக் மறுபடி பிரிண்ட் கேட்டால் அது 28ஓடுதான் வர வேண்டும். செப்டம்பர் 22க்கு முன் விற்ற பொருள் திரும்பி வந்து கிரெடிட் நோட் போட்டால், அதிலும் விற்ற அன்றைய வரிதான். அதனால் அக்சஸ் ஃபைலில் ஒரு சின்ன டேபிள் போடு, எந்தத் தேதியிலிருந்து எந்தச் சதவீதம் என்று இரண்டு வரிசை போதும். பில் தேதியைக் கொடுத்தால் சதவீதத்தைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதி, 14, 28, 1.28 இருந்த எல்லா இடத்திலும் அதைக் கூப்பிடு. கொஞ்ச நாள் பழைய கம்ப்யூட்டரை ஓரமாக ஓட விட்டு, ஜி.எஸ்.டி. மாறுவதற்கு முந்தைய பில் சிலவற்றையும் பிந்தையதில் சிலவற்றையும் புதியதில் அச்சிட்டு, அப்பா பேனாவால் திருத்தியவற்றோடு ஒப்பிட்டுப் பார். பைசா ரவுண்டிங்கில்தான் வித்தியாசம் வரும், அதை ஆடிட்டரிடம் காட்டிவிட்டு மாற்று.